அவள் உட்கார்ந்தால்

குரைக்கக் கூடாது என்பது முதல் பாடம்.
தோண்டக் கூடாது, பிறாண்டக் கூடாது.
வாசம் கிடைத்த இடத்தில்
சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.
மீரட்டில் ஒன்பது மாதம் இதைத்தான் படித்தோம்,
டைனாவும் நானும்.
அவள் உட்கார்ந்தால் மண்ணுக்குள் கண்ணிவெடி.
பின்வாங்கி வந்ததும் பச்சை டென்னிஸ் பந்து.
அவளுக்கு அது பந்து விளையாட்டு.
போர் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அல்சூரில் இருக்கிறோம்.
ஏரியைப் பார்த்த பதினாறு மாடிக் கட்டடத்தில்
எனக்கு இரவுக் காவல்.
மர்ஃபி டவுனில் ஒற்றை அறை.
அமலோற்பவம் மிஷின் மிதிக்கிற சத்தத்தில்
பகலெல்லாம் நாங்கள் இருவரும் தூங்குவோம்.
எட்டு வயதில் அவளை விடுவித்தார்கள்,
மனுப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
காதுக்குள் பச்சை குத்திய எண் மங்கிவிட்டது.
என் இடது கால் புனேயில் செய்தது;
மழைக்கு முன்னால்
அதில் இல்லாத பெருவிரல் அரிக்கும்.

தீபாவளி சமயத்தில்
மார்க்கெட் பக்கம் கூட்டிப்போக முடியாது.
ஒவ்வொரு பட்டாசுக் கடை முன்னாலும் உட்காருவாள்,
திரும்பி என்னைப் பார்ப்பாள்:
இங்கே இருக்கிறது. இங்கேயும். இதோ, இங்கேயும்.
"உங்க நாய்க்கு சரவெடி வேணுமாம் சார்"
என்று சிரித்தார் ஒரு கடைக்காரர்.
பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தேன்.
பதினோரு கடை. பதினோரு முறை.

சொல்ல வந்தது இதுவல்ல.

இரண்டு இரவு தூங்காத ஒரு காலை.
பாறை இடுக்கெல்லாம் பனி.
வெளிச்சம் வருவதற்குள் எதிர் மேட்டைத் தொட வேண்டும்.
பின்னால் முப்பது பேர்.
சுபேதார் பிஷ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு
ஜல்தி, ஜல்தி என்கிறார்.
டைனாவின் பாதம் வெடித்து
வந்த வழியெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு.
உட்கார்ந்தாள்.

களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

விசாரணைத் தாளில் இது இல்லை.
நாய் குறிப்புக் காட்டவில்லை என்று எழுதி வந்தார்கள்,
கையெழுத்துப் போட்டேன்.
மயக்கம் தெளியாமல் போட்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
தெளிந்துதான் இருந்தது.
அந்த ஒரு வரியில்
பதக்கத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து
அவள் பெயர் போயிற்று.
நாய்க்குப் பதக்கம் எதற்கு,
அதுவும் நான் சொல்லிக்கொள்வதுதான்.
ஸ்ட்ரெச்சர் வரும்வரை
என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம்.
விசுவாசம் என்றார்கள் வார்டில் எல்லோரும்.
எனக்கென்னவோ
பந்துக்குக் காத்திருந்தாள் என்றே படுகிறது.
சரியாகத்தானே செய்திருந்தாள்.

பன்னிரண்டு முடிந்துவிட்டது அவளுக்கு.
இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்
ஹெப்பால் ஆஸ்பத்திரி டாக்டர்.
நடக்கும்போதே உட்கார்ந்துவிடும்,
மாத்திரை கொடுங்கள், பழகிக்கொள்ளுங்கள்.

நேற்று, மாலை ஆறரைக்கு,
கேம்பிரிட்ஜ் ரோட்டின் நட்ட நடுவில்
உட்கார்ந்தாள்.
பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் தண்ணீர் லாரி,
ஸ்கூல் வேன் ஒன்று, மற்றதெல்லாம் ஹாரன்.
ஆட்டோக்காரன் தலையை நீட்டினான்.
"ஏன் சார், நாயிகெ சுஸ்தா?"
களைப்பா என்கிறான்.

களைப்புதான். இடுப்புதான். தெரியும் எனக்கு.
தார் ரோடு.
அடியில் கேபிளும் சாக்கடையும் காவேரிக் குழாயும்.
வேறொன்றும் இல்லை.
அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தினேன்.
மடங்காத காலோடு எப்படியோ குனிந்து
பந்தை அவள் வாயருகில் நீட்டினேன்.
யார் யாரோ என்னென்னவோ மொழியில் திட்டினார்கள்.

அவள் எழும்வரை
நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.